ஒரு ‘ஆகட்டுங்க’வும் ஒரு ஜீப்பும்

அடுப்பில் பால் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்ததற்கெல்லாம் அந்தப் பாலைத்தான் நான் பல வருஷம் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மழை விட்டுச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. காப்பிச் செடிகள் பூத்திருந்த சமயம். அந்த வாசம் வீட்டுக்குள் வந்து பால் வாசத்தோடு கலந்துகொண்டிருந்தது. வாசலில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சின்னராசு. எங்கள் கால்பந்து கிளப்பின் கோச். மஞ்சக்குட்டைக்காரர். ஏற்காட்டுக்கும் மலைக் கிராமங்களுக்கும் நடுவில் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். நான் அந்தக் கிளப்பின் செயலாளர்.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. கையில் ஜீப் சாவியை வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார்.

“அக்கா, இந்த வருஷத்தோட வேற ஆளப் பாத்துக்கலாமுங்களா?”

நான் ஒரு கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

“ஆகட்டுங்க.”

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “அப்ப நான் போயிட்டு வர்றேனுங்க” என்றார்.

அதற்கும் “ஆகட்டுங்க” என்றேன். பால் பொங்கிவிட்டது. நான் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தபோது வாசலில் ஜீப் இல்லை. வீடு முழுக்கத் தீய்ந்த பால் வாடை.

ஒரு சொல், ஐந்து அர்த்தம்

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘ஆகட்டுங்க’ என்றால் சம்மதம். ‘ஆகட்டுங்க’ என்றால் காதில் விழுந்தது, யோசிப்போம். பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்பதற்கும் அதுதான். போனை வைப்பதற்கு முன்னாலும் அதுதான். எதிரில் இருப்பவர் உளறுகிறார், ஆனால் மரியாதைக்குரியவர் என்றால் அவரிடமும் அதையே சொல்வோம். எந்த அர்த்தத்தில் சொன்னோம் என்பதைக் கேட்கிறவர்தான் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் முகம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் பேசியதிலும் அதே கோளாறு. கிளம்புகிற எவரும் இங்கே ‘போறேன்’ என்று சொல்வதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவரும் ‘போயிட்டு வர்றேன்’தான், ஊரை விட்டே போகிறவரும் ‘போயிட்டு வர்றேன்’தான். அவர் எந்தப் போய்விட்டு வருவதைச் சொன்னார் என்று எனக்கு அடுத்த சனிக்கிழமைதான் தெரிந்தது. மைதானத்தில் பையன்கள் நின்றார்கள், பந்து இருந்தது, கோச் இல்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் என் தபால் ஆபீஸ் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, பந்தை ஒரு தடவைகூட உதைக்காத பெண் எப்படிக் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர் ஆனாள் என்று கேட்டிருந்தார். கையெழுத்துதான் காரணம், வேறொன்றும் இல்லை. மாவட்டக் கால்பந்து சங்கத்துக்கு மனு எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தபோது என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஒரே ஒரு கடிதம் என்றார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

டீம் தேர்வான இடம்

எங்கள் மைதானம் சரிவானது. ஒரு கோல் மேட்டில், ஒரு கோல் பள்ளத்தில். பந்தை உருட்டி விட்டால் தானாகக் கிழக்கே போகும். காலை நேரத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர் கோல் தெரியாது. சில நாள் பக்கத்தில் இருப்பவனே தெரியமாட்டான்.

சின்னராசு பனிக்காகப் பயிற்சியை நிறுத்தியதில்லை. பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது, தரையிலேயே கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது யாருக்கு என்று பேர் சொல்ல வேண்டும் என்பார். நான் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஓரத்தில் நிற்பேன். ஆள் ஒருவரும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக்குள்ளிருந்து பேர்கள் மட்டும் வரும். அந்தப் பழக்கத்தில்தான் சேலத்தில் இறங்கி, வெயிலில், சமதரையில் ஆடும்போது எங்கள் பையன்கள் பேசிக்கொண்டே ஆடினார்கள். எதிர் டீம்காரர்கள் சிரித்தார்கள். தொடர்ந்து சில வருஷம் கோப்பை மலையேறி வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

இவ்வளவு விஷயம் எங்கள் கமிட்டிக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஜீப்புக்குள் நடந்துகொண்டிருந்தது.

கிளப்பில் பாதிப் பேர் கரடியூர், மஞ்சக்குட்டை, கிளியூர் பையன்கள். எஸ்டேட் வேலைக்காரர்களின் பிள்ளைகள், பலர் தாங்களே எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள். பயிற்சி நேரத்துக்குத் தோதாக பஸ் கிடையாது. சின்னராசு விடியற்காலைச் சவாரியில் ஒவ்வொருவரையும் அவனவன் வீட்டு முன்னால் ஹாரன் அடித்து எழுப்பி ஏற்றிக்கொண்டு வருவார். ஏறினதும் முதல் கேள்வி, “சாப்ட்டியா கண்ணு?” என்பதுதான். சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறவனை அவருக்குத் தெரியும். டேஷ்போர்டில் பன் பொட்டலம் இருக்கும்.

முன்சீட்டு ஒன்று உண்டு, அவர் பக்கத்தில். அதில் யாரும் தானாக உட்கார முடியாது. “முன்னாடி வா சாமி” என்று அவர் கூப்பிட்டால்தான். கூப்பிட்டால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். ஒருவனை டீமிலிருந்து எடுக்கப் போகிறார் என்றால் அதை மைதானத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லமாட்டார், முன்சீட்டில் வைத்துச் சொல்வார். ஒருவன் வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடித்திருந்தால் அவனும் அன்றைக்கு முன்சீட்டில்தான் வருவான். ஜீப் மைதானத்துக்கு வந்து சேருவதற்குள் அன்றைக்கு யார் ஆடுவது, யார் உட்காருவது எல்லாம் முடிவாகியிருக்கும்.

நாங்கள் பார்த்ததெல்லாம் ஜீப் வந்து நிற்பதும் பையன்கள் இறங்குவதும்தான்.

அடுத்த ஆள்

அவர் போனதும் கமிட்டி கூடியது. தலைவர் அருளப்பன், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பதிவேட்டில் ஏற்றினால்தான் அது நடந்ததாக நம்புகிற மனிதர். கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

இந்தத் தடவை முறையாக, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் வைத்து எடுக்கலாம் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சேலத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். சான்றிதழ் வைத்திருந்தார், லேப்டாப் வைத்திருந்தார், நல்ல மாதிரியாகப் பேசினார். டீமைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டோம். ஆட்டமுறை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டோம். கரடியூர்ப் பையன் காலையில் எப்படி வந்து சேருவான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

அந்தத் தம்பி மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. உழைத்தார். மைதானத்தில் கலர் கலராகக் கூம்புகள் வைத்தார். பனி இறங்கினால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிடுவார், கண் தெரியாமல் ஆடினால் அடிபடும் என்று. சொன்னதில் தப்பில்லை. வராதவர்கள் பேரை நோட்டில் எழுதினார். மூன்று தடவை வராதவனை நீக்கினார். அதிலும் தப்பில்லை. கொஞ்ச நாளில் டவுன் பையன்கள் மட்டும் மிச்சம் இருந்தார்கள்.

வராதவர்களுக்குக் காரணம் கேட்டு நான்தான் கடிதம் எழுதினேன், அழகான கையெழுத்தில். கரடியூரிலிருந்து ஒருவன் நேரில் வந்து நின்றான். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். ஏன் கண்ணு வர்றதில்லை என்றதற்கு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“ஜீப்பு வர்றதில்லீங்களே.”

அன்றைக்குத்தான் எனக்கு ஜீப் கதையே தெரிந்தது. எத்தனை வருஷம் செயலாளர்! வெட்கமாக இருந்தது.

முதல் தம்பி கண்டிப்பு, டீம் கலைந்துபோயிற்று என்று அடுத்து இளகின மனசுக்காரராகப் பார்த்தோம். எங்கள் கிளப்பிலேயே ஆடியவர், சொந்தபந்தம் ஊர் முழுக்க. மச்சான் மகனை உட்கார வைக்க முடியாமல், மச்சினனை டீமிலிருந்து எடுக்க முடியாமல் திணறினார். உடனே அடுத்தது சொந்தமே இல்லாத வெளியூர்க்காரர். அவர் சத்தம் கிளியூர் வரைக்கும் கேட்கும். அவருக்கு அடுத்தது சத்தமே போடாதவர்.

வெளிநாட்டுப் பெரிய கிளப்புகளைப் பற்றிப் பேப்பரில் வந்தால் இப்போதெல்லாம் விடாமல் படிக்கிறேன். அவர்களும் அதையேதான் செய்கிறார்கள், எங்களை விடப் பெரிய மேஜையில் உட்கார்ந்து. நாங்கள் ஒரு தடவைகூட கோச்சைத் தேர்ந்தெடுக்கவில்லை. போனவருக்கு நேர் எதிரான ஆளைத் தேர்ந்தெடுத்தோம், அவ்வளவுதான். ஜெயித்துக்கொண்டிருந்தபோது எதனால் ஜெயிக்கிறோம் என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. தோற்றபோது மட்டும் ஆளைப் பார்த்தோம்.

பாலை விட்டுவிடுகிறேன்

இப்போது உண்மையைச் சொல்கிறேன். எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனாலும் இதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

சின்னராசு என் வாசலுக்கு வந்ததற்கு முந்தின வாரம் சேலத்தில் இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தோம். மறுநாள் டீக்கடையில் கமிட்டி ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நானும் இருந்தேன், கையில் டம்ளரோடு. ஜீப்பு ஓட்டுகிறவரை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும், படித்த ஆளாகப் பார்க்க வேண்டியதுதான் என்று அருளப்பன் சொன்னார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் டீயைக் குடித்தேன்.

அதனால், அவர் வந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது. நம் வாயால் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிவிட்டார் என்று. பால் பொங்காமல் இருந்திருந்தாலும் நான் ‘ஆகட்டுங்க’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

அது மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிவெடுத்துவிட்டு வந்தவரைக் கையைப் பிடித்து இழுக்கலாமா என்று. ஆனால் அவர் முடிவெடுத்துவிட்டு வரவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார். இந்த மலையில் ஒருவர் ‘நான் ஒதுங்கிக்கட்டுமா’ என்று கேட்டால், ‘அதெப்படிங்க’ என்று நாலு தடவை சொல்ல வேண்டும். அது எங்களுக்குப் பேசத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். கல்யாண வீட்டில் சாப்பாடு போதும் என்கிறவருக்கே மூன்று தடவை வைக்கிறோம். அந்த மனுஷனுக்கு ஒரு தடவைகூட நான் வைக்கவில்லை.

மஞ்சக்குட்டை பஸ்

இந்த வருஷம் சேலத்துப் போட்டிக்குப் பதினொரு பேர் சேரவில்லை. அருளப்பன் கூட்டம் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கோச்சும் ஆளும் கிடைக்காவிட்டால் கிளப்பை மூடிவிட்டு, பந்துகளையும் வலையையும் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். ரைட்டர் ஆயிற்றே, மூடுவதையும் தீர்மானமாக எழுதச் சொல்லி என் பக்கம் நோட்டைத் தள்ளினார். நான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சக்குட்டை பஸ் ஏறினேன். இடையில் போன ஆறு வருஷத்தில் சின்னராசுவைக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். அதற்கு மேல் இல்லை. அவர் ஜீப்பை விற்றுவிட்டு வேன் ஓட்டுவதாகக் கேள்வி. பஸ் முழுக்க என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். இறங்கியதும் மறந்துவிட்டது.

அவர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

“வாங்கக்கா. ஊட்டுக்குள்ள வாங்க.”

அவர் என் வீட்டுக்குள் வராமல் நின்றது நினைவு வந்தது. உள்ளே போனேன். அவர் மனைவி காப்பி கொடுத்தார். மழை, மிளகு, பஸ் நேரம் எல்லாம் பேசினோம். எங்கள் ஊரில் விஷயத்துக்கு வர அரை மணி நேரம் ஆகும். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“சின்னராசு, அன்னிக்கு நீங்க வந்தப்ப போகாதீங்கன்னு நான் சொல்லியிருக்கோணும். சொல்லல. அது என்ற தப்புங்க” என்றேன்.

அவர் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் இருக்கட்டும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“டீக்கடையில நீங்களும் இருந்தீங்கன்னு சொன்னாங்க” என்றார். “அதான் உங்க ஊட்டுக்கு வந்தனுங்க. மத்தவங்க சொன்னா பரவாயில்ல. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னு.”

டம்ளரைக் கீழே வைத்தார்.

“கெளம்பி வந்து, அந்த சில்வர் ஓக் மரத்து வளைவுல வண்டிய ஓரங்கட்டிட்டு இஞ்சின ஆப் பண்ணிட்டு உக்காந்திருந்தனுங்க. நொம்ப நேரம். பின்னாடியே யாராச்சும் வந்து கூப்புடுவீங்கன்னு.”

என் வீட்டிலிருந்து அந்த வளைவு கூப்பிடு தூரம்தான். நான் அந்த நேரத்தில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. அவர் மனைவி எழுந்து உள்ளே போனார், நான் அழுவதைப் பார்க்காத மாதிரி.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளப்பின் நிலைமையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சொன்னேன். மறுபடி வந்து டீமை எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். வயசாயிற்று, வேன் வேலை இருக்கிறது, புதுப் பையன்களைத் தெரியாது என்றார். கடைசியில், “யோசிச்சுச் சொல்றனுங்கக்கா” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றால் இங்கே முடியாது என்று அர்த்தம். இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பதில். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

“ஆகாதுங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பெரியவர்களிடமோ சின்னவர்களிடமோ ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு யாரும் அப்படிச் சொல்வதில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

“நீங்க யோசிக்கறது ஆகாதுங்க. பஸ்ஸு போனாலும் போகட்டும். நான் எந்திரிக்கப் போறதில்ல.”

நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது காப்பி வந்தது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, இரண்டு பேருக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தார்.

“பஸ்ஸு போயிருச்சு. உங்கள கொண்டுபோய் உட்டுட்டு வந்தர்றனுங்க.”

மரியாதையாக என்னைக் கிளப்பிவிடுகிறார் என்றுதான் நினைத்தேன். முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை நோட்டில் எழுத வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே வேனின் பின்கதவைத் திறந்தேன்.

“பின்னாடி வேண்டாங்கக்கா” என்றார். “முன்னாடி வாங்க.”

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். டேஷ்போர்டில் ஒரு பன் பொட்டலம் இருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பனி இறங்கியிருந்தது. அவர் மெதுவாக, ஹாரன் அடித்தபடியே ஓட்டினார். என் வீட்டுக்கு முந்தின அந்த வளைவு வந்தது. வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார்.

“இப்பக் கோல்ல யாருங்க நிக்கறது?” என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

பேரைச் சொன்னேன்.

“அவன் ஊடு எங்கீங்க?”

“கரடியூருங்க. புதுப் பையன், கெடைக்கிற வண்டியில தொத்திக்கிட்டு வர்றானுங்க.”

கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப நாளைக்கு மொதல்ல அவனத்தான் ஏத்தோணும்” என்றார்.